டோனாவூர் அம்மா எமி கார்மைக்கேல்

விழா மலருக்கு ஒரு வாழ்க்கை வரலாறு எழுதித் தாருங்கள் என்று மலர்க் குழுவினர் என்னைக் கேட்டபோது, அவர்கள் மனத்தில் புனித அருளானந்தரோ தத்துவ போதகரோ இருந்திருக்கக்கூடும். மதுரை மிஷனின் மடியில் வளர்ந்த நமக்கு அது இயல்பே. 1606-ல் மதுரைக்கு வந்து காவி உடுத்தி, நம் மொழி கற்று, நம்மவருள் ஒருவராகவே வாழ்ந்த தத்துவ போதகர் தெ நொபிலியைப் பற்றியும், 1693-ல் ஓரியூர் மணலைத் தம் குருதியால் நனைத்த அருளானந்தரைப் பற்றியும் நம் மறைக்கல்விப் பிள்ளைகளே ஓரளவு சொல்லிவிடுவார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பதோ கத்தோலிக்கரல்லாத ஓர் அம்மையாரின் வரலாறு. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-ல் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டை வெளியிட்டு, பிரிந்த சகோதரர்களிடம் விளங்கும் நற்பண்புகளை மகிழ்வோடு ஏற்றுக்கொள்ளும்படி நமக்குக் கற்பித்திருக்கிறது. ஆகவே யாரும் மனம் வருந்த மாட்டார்கள் என்று நம்புகிறேன். மேலும், பிள்ளைகளை விலை பேசும் வாணிகம் நம் தென்தமிழ்நாட்டில் எவ்வாறு நடந்தது என்பதைக் கண்ணால் கண்டு, காதால் கேட்டு, அதன் நடுவில் ஐம்பதாண்டுகளுக்கு மேல் நின்றவர் இவர். நம் பங்கின் கிராமங்களில் இன்று நடப்பதைப் பேச வேண்டுமானால் இவரிடமிருந்தே தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எமி கார்மைக்கேல் 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்னும் கடலோரச் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மாவு ஆலை வைத்திருந்தவர். ஏழு மக்களுள் இவரே மூத்தவர். சிறுவயதில் தமக்கு நீல நிறக் கண்கள் வேண்டும் என்று இரவில் செபித்துப் படுத்து, காலையில் கண்ணாடியில் பார்த்துப் பழுப்பு நிறமே இருக்கக் கண்டு ஏமாந்து போனாராம். அந்தப் பழுப்புக் கண்கள் பிற்காலத்தில் எதற்குப் பயன்பட்டன என்பதைப் பின்னர் காண்போம். 1885-ல் தந்தை இறந்தார். குடும்பம் பெல்பாஸ்ட் நகரில் இருந்தது. அங்கே நூற்பாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்கக் காசில்லாமல் தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு வருவார்கள். கௌரவமான கோவில்களில் அவர்களுக்கு வரவேற்பு இல்லை. எமி அவர்களைத் தேடிப் போனார். ஐந்நூறு பேர் அமரத்தக்க தகரக் கொட்டகை ஒன்றை 1889-ல் அவர்களுக்காக எழுப்பினார். அப்போது அவருக்கு வயது 21 மட்டுமே. ஆலைக்குப் போகும் பெண்கள்தாம் அவருடைய முதல் பங்கு மக்கள் என்பதை நம் வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். இக்கட்டுரையின் பிற்பகுதியில் இன்னோர் ஆலைக்குப் போன பெண்ணைப் பற்றி நான் எழுத வேண்டியிருக்கிறது.

1893-ல் ஜப்பானுக்குப் போனார். பதினைந்து மாதங்களில் உடல்நலம் குன்றியது. சில வாரங்கள் இலங்கையில் இருந்துவிட்டு ஊர் திரும்பினார். பின்பு 1895 நவம்பரில் பெங்களூர் வந்து இறங்கியவர், அடுத்த ஆண்டின் இறுதியில் திருநெல்வேலிச் சீமைக்கு வந்தார். அன்று தொடங்கி இறக்கும்வரை ஒரு முறைகூடத் தம் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. விடுமுறை கிடைத்தும் போகவில்லை. குருத்துவ மாணவனாக இருந்த நாளில் இதைப் படித்தபோது எனக்குச் சற்று மிகையாகவே தோன்றியது.

தாமஸ் வாக்கர் ஐயரும் அவர் துணைவியாரும் எமி அம்மையாருக்குத் தமிழ் கற்க உதவினார்கள். சில ஆண்டுகளுக்குள் சேலை உடுத்தி, தமிழ்ப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, மாட்டு வண்டியில் ஊர் ஊராகப் போகத் தொடங்கினார். அவர்களுள் முதன்மையானவர் பொன்னம்மாள் என்னும் இளம் விதவை. எமி அம்மையாரின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பொன்னம்மாளுக்கு ஓரிரு பக்கங்களே ஒதுக்குகிறார்கள். அது நியாயமன்று. சிறு குழந்தைகளுக்குப் பால் கலக்கக் கற்றதும், நோயுற்ற குழந்தைகளோடு நெய்யூரில் பல மாதங்கள் கண்விழித்துக் கிடந்ததும், பிறரால் தொடப்படாத வேலைகளைச் செய்தால் மற்றப் பெண்களும் செய்வார்கள் என்று தாமே முதலில் கை நீட்டியதும் அந்தப் பெண்மணிதான். 1915-ல் அவர் இறந்தார்.

இனி முதன்மையான நிகழ்ச்சிக்கு வருவோம்.

தாமிரபரணிப் பாசனத்தில் பண்ணைவிளை என்றோர் ஊர். அடுத்து பெருங்குளம். பெருங்குளத்தில் கோவிலைச் சார்ந்த பெண்களின் வீடு ஒன்று இருந்தது. அங்கே ஒரு சிறுமி வளர்ந்தாள். தந்தை இல்லாதவள். அவளைக் கோவிலுக்கு விட்டால் புண்ணியம் என்று சொல்லி, விதவைத் தாயிடமிருந்து வாங்கி வந்திருந்தார்கள். ஒருமுறை அவள் தப்பி, நெடுந்தூரம் நடந்து தூத்துக்குடியில் இருந்த தாயிடமே போய்ச் சேர்ந்தாள். கோவில் வீட்டுப் பெண்கள் பின்தொடர்ந்து வந்து, தெய்வ கோபம் வரும் என்று அச்சுறுத்தினார்கள். தாய் அஞ்சினாள். தன் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் கைகளைத் தானே பிரித்தெடுத்து அவர்களிடம் ஒப்படைத்தாள். மீண்டும் ஓடாதபடி அச்சிறுமியின் கைகளில் சூடு போடப்பட்டது. அவளுக்கு அப்போது ஏழு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை.

தனக்கு விரைவில் பொட்டுக் கட்டப் போகிறார்கள் என்று பெரியவர்கள் பேசுவதை அச்சிறுமி கேட்டுவிட்டாள். அதன் பொருள் முழுவதும் அவளுக்கு விளங்கியிராது. ஆயினும் அச்சம் விளங்கியது. 1901-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள் மாலையில் மறுபடியும் ஓடினாள். ஓடையைக் கடந்து பண்ணைவிளைக்கு வந்து, அங்குள்ள கோவிலின் முன் தனியே நின்றாள். ஒரு கிறிஸ்தவப் பெண்மணி அவளைக் கண்டு அன்றிரவு தம் வீட்டில் வைத்திருந்து, மறுநாள் காலையில் எமி அம்மையாரிடம் கூட்டிப் போனார். அம்மையார் சில காலம் டோனாவூரில் இருந்துவிட்டு அதற்கு முந்தின நாள்தான் பண்ணைவிளைக்குத் திரும்பியிருந்தார். இரண்டு நாள் முன்னால் ஓடி வந்திருந்தால் அங்கே அவரைக் கண்டிருக்க முடியாது. அந்தப் பெண்மணியும் வம்பு எதற்கு என்று பிள்ளையைக் கோவில் வீட்டிலேயே திருப்பி விட்டிருக்கலாம். அவ்வூரில் பலர் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

காலைத் தேநீர் அருந்திக்கொண்டிருந்த அம்மையாரின் மடியில் அச்சிறுமி தானாகவே ஏறி அமர்ந்துகொண்டு, தான் இனி இங்கேயே இருக்கப் போவதாகச் சொன்னாள். பிறகு தனக்கு அங்கே நடந்தவற்றையெல்லாம் சொன்னாள். அம்மையாருக்கு இந்தியாவுக்கு வந்து ஐந்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஊர் ஊராகச் சுற்றியவர். வீடு வீடாக நுழைந்தவர். ஆயினும் இப்படியொன்று நடக்கிறது என்பதை ஒரு குழந்தையின் வாயிலிருந்து அன்றுதான் முதன்முறையாக முழுமையாகக் கேட்டார். கோவில் வீட்டார் வந்து பிள்ளையைக் கேட்டார்கள். வாசலில் கூட்டம் கூடியது. பிள்ளை போக மறுத்துவிட்டாள். அம்மையாரும் அனுப்பவில்லை. பிரீனா என்று பெயரிட்டு வளர்த்தார்.

இதன் பின்னரே அம்மையார் விசாரிக்கத் தொடங்கினார். கைகளில் சாயம் பூசி, சேலையை முக்காடிட்டு, பழுப்புக் கண்களோடு, வெளிநாட்டார் நுழைய முடியாத இடங்களில் தமிழ்ப் பெண்களோடு ஒருவராக நின்று பார்த்தார். நீலக் கண்களாக இருந்திருந்தால் வாசலிலேயே பிடிபட்டிருப்பார். அவர் கண்டறிந்தவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன். ஏனெனில் இதுவே நமக்கு மிகவும் வேண்டியது.

பிள்ளைகளை யாரும் இருட்டில் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பெரும்பாலும் பெற்றவர் கையாலேயே கொடுத்தார்கள். கணவனை இழந்தவள், கணவனால் கைவிடப்பட்டவள், நோய்க்கு நேர்ந்துகொண்டவள், கடன்பட்டவன், ஈமச் செலவுக்கு வழியில்லாதவன், மூன்றாவதும் பெண்ணாய்ப் பெற்றவள் ஆகியோரின் வீட்டுக்குத்தான் ஆள் வருவது வழக்கம். வருகிற ஆள் அந்நியராக இருப்பதில்லை. அறிந்த ஒருவராக, பெரும்பாலும் நடுவயதுப் பெண்ணாக, இரக்கமாய்ப் பேசுகிறவராக இருப்பார். பிள்ளைக்கு நல்ல சோறு, நகை, பாட்டு, படிப்பு எல்லாம் கிடைக்கும் என்பார். கையில் கொஞ்சம் பணமும் கொடுப்பார். வெளிப்பார்வைக்கு அது சுவீகாரம். பத்திரமும் இருக்கலாம். ஆகவே குற்றம் நடந்ததற்குச் சாட்சி யாரும் இல்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவரைத் தீய தொழிலுக்காக விற்பதும் வாங்குவதும் குற்றம் என்று இன்று நாம் சொல்கிறோம். வயது வரம்பு சற்றுக் குறைவாக இருந்ததேயன்றி அச்சட்டம் 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்திலேயே 372, 373-ஆம் பிரிவுகளாக இருந்தது. சட்டம் எழுதப்பட்டு நாற்பதாண்டுகள் கழித்தே பிரீனா ஓடி வந்தாள். முறையிட ஆள் இல்லாத சட்டமாக அது அலமாரியில் கிடந்தது.

இங்கே நம் இந்து சகோதரர்களின் மனம் புண்படாதிருக்க ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அம்மையாரின் எழுத்துகளில் அக்காலத்து வெளிநாட்டு மிஷனரிகளுக்கே உரிய கடுமை சில இடங்களில் உண்டு. நம் நாட்டுச் சமயங்களை அவர் நோக்கிய நோக்கை இன்றைய திருச்சபை அப்படியே ஏற்காது. மேலும், இவ்வழக்கத்தைச் சட்டத்தால் முடிவுக்குக் கொண்டுவந்தவர்கள் நம் நாட்டுப் பெண்களே. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சென்னைச் சட்ட மேலவையில் போராடியதும், 1930-ல் தம் வீட்டுக் கதவைத் தட்டிய பெண் பிள்ளைகளுக்காக ஔவை இல்லத்தைத் தொடங்கியதும், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் தாமே பட்ட துன்பத்தை முன்னிட்டு மேடையேறியும் நாவல் எழுதியும் ஊரை எழுப்பியதும், இறுதியாக 1947-ல் பொட்டுக் கட்டுவதைத் தடை செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியதும் யாவரும் அறிந்தவை. கிறிஸ்தவர்களாகிய நாமும் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. போர்ச்சுக்கீசியரும் டச்சுக்காரரும் நம் கடற்கரைகளில் அடிமைகளை வாங்கிக் கப்பலேற்றிய காலத்தில், வாங்கியவர்கள் ஞானஸ்நானம் பெற்றவர்களாகவே இருந்தார்கள்.

பிரீனா வந்த அதே 1901-ல் அம்மையார் டோனாவூருக்குக் குடிபெயர்ந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், களக்காட்டுக்குப் பக்கத்தில் உள்ள சிற்றூர் அது. டோனா என்னும் ஜெர்மானியப் பிரபு கொடுத்த பொருளால் அங்கே கோவில் எழுந்தமையால் அப்பெயர் வந்தது. 1904-ல் பிள்ளைகள் 17 பேர். 1913-ல் 130 பேர். இடையில் எத்தனையோ குழந்தைகள் நோயால் இறந்தன. தாய்ப்பால் கொடுக்க யாரும் இசையாத காலம். புட்டிப்பால் பழக்கமில்லாத ஊர். கைக்குழந்தையைக் காப்பாற்றிக் கொண்டுவந்து, கொண்டுவந்த சில வாரங்களில் அடக்கம் செய்வது என்றால் எப்படியிருக்கும்! பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களே அதை அறிவார்கள்.

பிரசங்கம் செய்ய வந்தவர் தாதியாகிவிட்டாரே என்று குறை சொன்ன மிஷனரிகளும் இருந்தார்கள். மூக்குச் சிந்துவதும் துணி அலசுவதும் நற்செய்திப் பணியா என்று கேட்டார்கள். அதைவிடப் பெரிய எதிர்ப்பு அவருடைய நூலுக்கு வந்தது. தாம் கண்டவற்றை ஒளிக்காமல் எழுதி, உள்ளது உள்ளபடி என்று பொருள்படும் தலைப்பில் 1903-ல் வெளியிட்டார். அதன் கையெழுத்துப் படியை முதலில் சிலர் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மக்கள் மனம் சோர்ந்துபோகும், இன்னும் இனிமையாக எழுதக் கூடாதா என்பது அவர்கள் கவலை. வெளிவந்த பின்போ, இவ்வளவும் மெய்யாயிருக்காது என்றார்கள். அவரை இந்தியாவிலிருந்து திருப்பி அழைத்துக்கொள்ள வேண்டும் என்றுகூடச் சில மிஷனரிகள் முயன்றார்கள். நம்ப மறுத்தவர்கள் தீயவர்கள் அல்லர். அதே ஊர்களில் வேலை செய்த பக்தியுள்ள மனிதர்கள். இத்தனை காலம் இருந்தும் தங்கள் கண்ணில் படாதது வேறொருவர் கண்ணில் படும் என்று அவர்களால் எண்ண முடியவில்லை.

நீதிமன்ற வழக்குகளும் வந்தன. அடைக்கலம் வந்த ஒரு பெண்ணைத் தாயிடம் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்று 1911-ல் தீர்ப்பாயிற்று. செலவுத் தொகையையும் அம்மையாரே கட்ட வேண்டியிருந்தது. ஆனால் ஒப்படைக்கப் பிள்ளை அங்கில்லை. அம்மையாரின் நண்பர்கள் அவளை மாறுவேடத்தில் கடல் கடத்தி அனுப்பிவிட்டிருந்தார்கள். இது சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அறநெறி இயல் படித்த எந்தக் குருவும் இந்த இடத்தில் சற்றுத் தடுமாறுவார். ஆயினும் ஒன்று சொல்வேன்: இன்று யாரும் அப்படிச் செய்ய வேண்டிய தேவை இல்லை, செய்யவும் கூடாது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, ஆதரவற்ற ஒரு பிள்ளை நம்மிடம் வந்து சேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கோ காவல் துறைக்கோ 1098 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணுக்கோ தெரிவித்துவிட வேண்டும். பங்கு இல்லமாயினும் கன்னியர் மடமாயினும் விதிவிலக்கு இல்லை.

1918 முதல் ஆண் பிள்ளைகளும் டோனாவூருக்கு வந்தார்கள். நாடகக் கம்பெனிகளுக்கு விற்கப்பட்ட சிறுவர்களின் நிலையை அவர் அறிந்திருந்தார். பெண் பிள்ளைகளுக்கு மட்டுமே ஆபத்து என்று எண்ணிக்கொண்டிருக்கும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1919-ல் அரசு அவருக்குக் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. அதை ஏற்கவே அவர் தயங்கினார். 1931 அக்டோபர் 24-ஆம் நாள் களக்காட்டில் மருந்தகத்துக்காகப் பிடித்த ஒரு வீட்டைப் பார்க்கப் போனவர், இருட்டில் புதிதாக வெட்டிய குழியில் விழுந்து காலும் முதுகும் அடிபட்டார். அதன்பின் ஏறத்தாழ இருபதாண்டுகள் அறையை விட்டு அதிகம் வெளிவர முடியவில்லை. படுத்தபடியே நூல்கள் எழுதினார். 1951 ஜனவரி 18-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தமையால், பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீர் அருந்தும் தொட்டி ஒன்றை வைத்து, அதில் அம்மா என்று மட்டும் பொறித்தார்கள்.

அவர் மறைந்ததற்கு ஓராண்டு முன்னர் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பின் 23-ஆம் பிரிவு மனிதரை வாணிகம் செய்வதையும் கட்டாய வேலை வாங்குவதையும் தடை செய்தது. 1965-ல் வத்திக்கான் சங்கம் இன்றைய உலகில் திருச்சபை பற்றிய ஏட்டில், அடிமைத்தனத்தையும் பெண்களையும் இளைஞரையும் விற்பதையும் படைத்தவருக்கே இழிவு செய்யும் குற்றங்களுள் வைத்து எண்ணியது. 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இவ்வளவுக்குப் பின்னும் நம் மதுரைச் சீமையில் என்ன நடக்கிறது?

உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துச் சிறுவர்களை முறுக்குப் போடும் வேலைக்கென்று மராட்டியத்துக்கும் குஜராத்துக்கும் அழைத்துப் போவதையும், அங்கிருந்து அவர்கள் மீட்கப்பட்டதையும் பல ஆண்டுகளாகச் செய்தித்தாள்களில் படித்து வருகிறோம். மழை பொய்த்த ஆண்டில் புன்செய்க்காரனுக்குக் கையில் முன்பணம் கிடைக்கிறது. பையன் போகிறான். மொழி தெரியாத ஊர். எண்ணெய்ச் சட்டியின் முன் விடியுமுன் தொடங்கும் வேலை. முன்பணம் கழியும்வரை திரும்ப முடியாது என்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கோ நூற்பாலைகள் இருந்தன. திண்டுக்கல், கோவை, திருப்பூர்ப் பக்கங்களில் சுமங்கலித் திட்டம், திருமண உதவித் திட்டம் என்னும் மங்கலமான பெயர்களில், மூன்றாண்டு முடிந்தால் ஒரு தொகை தருவோம் என்று சொல்லி, விடுதியில் அடைத்து வேலை வாங்கியதை ஊரே அறியும். முன்பணம் கொடுத்து ஒருவரைக் கட்டிப்போட்டால் 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது; அதை வசூலிக்க முயல்வதும் குற்றம்; கோட்டாட்சியர் விடுதலைச் சான்று வழங்கலாம். இதை நம் மக்களுள் எத்தனை பேர் அறிவார்கள்?

வெளியூர்க்காரரைக் குறைகூறும் முன்பு நான் என்னையே குறைசொல்ல வேண்டும். ஏறத்தாழ இருபதாண்டுகளுக்கு முன்னர் ஒரு கிராமப் பங்கில் நான் பணியாற்றியபோது, ஒரு விதவைத் தாய் தன் மகளோடு வந்தாள். மகளுக்கு வயது 15. கூட வந்தவர் அதே ஊர்க்காரப் பெண்மணி. ஞாயிறு பூசைக்கு முன் வரிசையில் முழந்தாளிடுபவர். கோவில் திருவிழாவுக்குத் தாராளமாகக் கொடுப்பவர். பிள்ளைக்கு மில்லில் வேலை கிடைத்திருக்கிறது, ஞானஸ்நானச் சான்றும் நன்னடத்தைக் கடிதமும் வேண்டும் என்றார்கள். சாமி ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் அந்தப் பெண்மணி. நான் இரண்டையும் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்து, சிலுவை வரைந்து அனுப்பினேன். சான்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்த மில், எந்த ஊர், யார் பொறுப்பு, எத்தனை ஆண்டுக்கு, பள்ளிக்கூடம் என்னவாயிற்று என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை. பதினான்கு மாதம் கழித்து அந்தப் பிள்ளை இருமலோடும் வெறுங்கையோடும் திரும்பி வந்தது. மூன்றாண்டு முடியாததால் பேசிய தொகை கிடையாது என்றுவிட்டார்களாம். அந்த மில்லின் பெயர் இன்றும் எனக்குத் தெரியாது. ஆள் சேர்த்த பெண்மணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று கிடைத்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். அவர் தம்மைத் தீயவராக எண்ணியிருக்க மாட்டார். ஏழைக்கு வழிகாட்டியதாகவே எண்ணியிருப்பார். டோனாவூர் அம்மையாரின் நூலில் வரும் இரக்கமாய்ப் பேசும் நடுவயதுப் பெண்ணை மீண்டும் படித்தபோது, எனக்கு அந்த முன் வரிசைதான் நினைவுக்கு வந்தது. அவள் கையில் இருந்த கடிதத்தின் அடியில் என் கையெழுத்து இருந்தது.

நம் பங்கு நகரத்தை ஒட்டியது. மாட்டுத்தாவணியிலிருந்தும் மதுரை ரயில் நிலையத்திலிருந்தும் இரவில் எத்தனை பிள்ளைகள் எங்கெங்கோ ஏறுகிறார்கள்! வடநாட்டிலிருந்து வந்து இறங்கும் இளைஞர்களும், நம் தெருவின் கட்டட வேலைகளிலும் ஓட்டல்களிலும் குழந்தை முகத்தோடு நிற்கும் பிள்ளைகளும் யார் கையில் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்களோ! மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் காலத்தில், 2015 முதல், சூடான் நாட்டில் சிறுமியாகக் கடத்தப்பட்டு அடிமையாய் விற்கப்பட்ட புனித ஜோசப்பின் பக்கீத்தாவின் திருநாளாகிய பிப்ரவரி 8, மனித வாணிகத்துக்கு எதிரான செப நாளாகத் திருச்சபையில் நினைவுகூரப்படுகிறது. நம் பங்கிலும் அன்று மாலைத் திருப்பலி அக்கருத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படும்.

செபத்தோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறோம். விழாச் செலவுக் கணக்கில் வாங்கிய 200 பக்க நோட்டு அது. பங்கு அலுவலகத்தில் திருமுழுக்குப் பதிவேட்டின் பக்கத்தில் இருக்கிறது. வெளியூர் வேலைக்குப் போகிற நம் பங்குப் பிள்ளைகளின் பெயர், வயது, போகும் ஊர், முதலாளியின் பெயர், கூட்டிப் போகிறவரின் பெயர், தொலைபேசி எண், முன்பணம் வாங்கியிருந்தால் எவ்வளவு என்று அதில் எழுதப்படும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு வேலைக்கென்று சான்றோ கடிதமோ என் கையால் கிடைக்காது, கோபித்துக்கொள்ள வேண்டாம். போனவர்களிடமிருந்து மாதம் ஒருமுறை தகவல் வருகிறதா என்பதை வின்சென்ட் தே பால் சபையினரும் மரியாயின் சேனையினரும் வீடு சென்று விசாரித்து எழுத ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆள் சேர்க்க வருகிறவர் நம் உறவினராகவோ அன்பியத் தலைவராகவோ இருந்தாலும் அவர் பெயரும் எழுதப்படும். நோட்டு உபதேசியாரிடம் இருக்கிறது. பூசை முடிந்து அரை மணி நேரம் அவர் அலுவலகத்தில் இருப்பார்.